எளிதில் முடிந்துவிடும் வீடியோ கேம்கள்: முடியாது என்று நம்மை நினைக்க வைத்தது எது?

2024 ஜூன் 1, சனிக்கிழமை, இரவு 9.10

பாளையங்கோட்டை வாசகர் ஒருவரின் கேள்வி இது: “பழைய டிவி கேம்களை முடிப்பது கல்லில் நார் உரிப்பது போன்றது என்றும், இந்தக் காலத்து கேம்களைச் சின்னப் பிள்ளைகள்கூட முடித்துவிடுவார்கள் என்றும் எல்லோரும் சொல்கிறார்கள். முடிப்பதற்கு உண்மையிலேயே எளிதாக இருந்த பழைய கேம் ஒன்றையாவது சொல்ல முடியுமா?”

முடியும். சூப்பர் மாரியோ பிரதர்ஸ். நிண்டெண்டோ நிறுவனம் 1985-இல் வெளியிட்ட அந்த கேமில் 8 உலகங்கள் உண்டு; உலகத்துக்கு 4 கட்டங்கள் வீதம் மொத்தம் 32 கட்டங்கள். இளவரசியை மீட்க அத்தனையையும் கடக்க வேண்டியதில்லை. 7 கட்டங்கள் போதும். முதல் உலகத்தின் 2-ஆவது கட்டம் பூமிக்கடியில் நடப்பது. அதன் கடைசியில், வெளியே போகும் குழாய்க்குள் நுழையாமல், மேலே போகும் பலகையில் நின்று கூரைச் செங்கல்லின் மீது தாவி ஏறி, வலப்பக்கமாக ஓடிக்கொண்டே இருந்தால் 4, 3, 2 என்று எண் போட்ட மூன்று குழாய்கள் நிற்கும் அறை வரும். 4-ஆம் உலகத்தின் 2-ஆவது கட்டத்திலும் அப்படி ஓர் இடம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத கட்டைகளை முட்டி வெளியே கொண்டுவந்து, அவற்றின் மேல் ஏறி, உரிய செங்கல்லை முட்டினால் கொடி ஒன்று முளைத்து மேலே போகும். அந்தக் கொடியில் ஏறிப் போனால் 8-ஆம் உலகத்துக்குக் குழாய் இருக்கிறது. வழி தெரிந்து விரைந்து ஆடுகிறவர்கள் இதை 5 நிமிடத்துக்குள் முடிக்கிறார்கள்.

2024 ஜூன் 1, இரவு 10.25

மேலே 7 கட்டங்கள் என்று எழுதியது தவறு. இப்போது விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். 1-1 (முதல் எண் உலகம், அடுத்தது கட்டம்), 1-2, 4-1, 4-2, பிறகு 8-ஆம் உலகத்தின் நான்கும் சேர்ந்து 8 கட்டங்கள். 32-இல் நான்கில் ஒரு பங்கு.

2024 ஜூன் 2, ஞாயிறு, காலை 11.00

“வழி தெரிந்தால் எதுவும் எளிதுதானே, தெரியாத காலத்தில் நீங்கள் எப்படி ஆடினீர்கள்?” என்று அதே வாசகர் மீண்டும் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அதற்குக் கல்லிடைக்குறிச்சிக்குத்தான் போக வேண்டும்.

1996 கோடை விடுமுறையை ஆச்சி வீட்டில் கழித்தேன். மாமா திருநெல்வேலிக்குப் போய்விட்டு வரும்போது ஒரு டிவி கேம் பெட்டியும், மஞ்சள் நிறக் கேசட் ஒன்றும் வாங்கி வந்தார். கேசட்டின் மேல் 9999 கேம்கள் என்று அச்சிட்டிருந்தது. பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனால், ஒரே மாரியோ வேறு வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வருவான். ஆச்சி வீட்டிலிருந்த சிறிய கறுப்பு வெள்ளை டிவியில் சேனல் குமிழைத் திருகித் திருகிப் படத்தை நிலைக்கு நிறுத்துவோம்.

அந்தக் கேசட்டில் ஆடியதைச் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. பெட்டியை அணைத்தால் எல்லாம் போயிற்று. எங்கள் தெருவில் சாயங்காலமானால் வோல்டேஜ் இறங்கி, டிவியின் படம் நான்கு பக்கமும் சுருங்கும். பிறகு கரண்டே போய்விடும். திரும்ப வரும்போது மாரியோ முதல் உலகத்தின் முதல் கட்டத்தில், முதல் அடி எடுத்து வைக்கக் காத்துக்கொண்டு நிற்பான். 32 கட்டங்களையும் வரிசையாகக் கடக்க எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். அவ்வளவு நேரம் கரண்ட் நிலைத்திருந்ததாக அந்த விடுமுறையில் ஒரு நாளும் எனக்கு நினைவில்லை. இதற்கு முடிவே கிடையாது போலும் என்றுதான் நானும் என் தங்கையும் நம்பியிருந்தோம்.

மே மாதத்தில் அத்தான் வந்தார். அவர் ஊர் அம்பாசமுத்திரம். அங்கே ஓர் அண்ணாச்சியின் கடையில் மணிக்கு 10 ரூபாய் கொடுத்து ஆடிப் பழகியவர். காசு கொடுத்து ஆடுகிறவருக்கு மணி நேரத்துக்குள் முடிவைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இருந்ததால், குறுக்கு வழியெல்லாம் அவருக்கு மனப்பாடம். பெருவிரலின் நுனியால் ஓடுவதற்கான பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அதே விரலின் கணுவைச் சாய்த்துத் தாவுவதற்கான பொத்தானைத் தட்டுவார். அதற்கு முன் நாங்கள் ஒரு பொத்தானை விட்டுவிட்டுத்தான் இன்னொன்றை அமுக்கிக்கொண்டிருந்தோம். ஜாய்ஸ்டிக்கை என் கையில் கொடுத்து, “ஏல, குழாய்க்குள்ள போவாத, மேல ஏறி ஓடு” என்றார். கூரை மேல் ஏறியதும், திரையின் உச்சியில் மதிப்பெண்ணும் நேரமும் எழுதியிருக்கும் அந்த வரிசைக்குள்ளேயே மாரியோ ஓடினான். பெட்டியில் ஏதோ பழுது என்று எண்ணிப் பயந்துபோய் நான் கையை எடுத்துவிட்டேன். அத்தான் ஜாய்ஸ்டிக்கை வாங்கி ஓட்டினார். மூன்று குழாய்களும் வந்தன.

அன்றைக்கு அரை மணி நேரத்துக்குள் இளவரசியைப் பார்த்துவிட்டோம். ஆச்சி முற்றத்தில் அப்பள மாவை உருட்டிக்கொண்டே, “ராணி கெடச்சிட்டாளா?” என்று கேட்டாள். கரண்ட் போகவில்லை.

2024 ஜூன் 3, திங்கள், இரவு 8.45

கடையத்திலிருந்து ஒரு நண்பர் கடுமையாக மறுத்து எழுதியிருக்கிறார். சுருக்கமாக முடிவது வேறு, எளிதாக முடிவது வேறு என்பது அவர் வாதம். 8-3-இல் சுத்தியல் எறியும் ஆமைகள் இரண்டிரண்டாக வந்து நிற்கின்றன. 8-4-இல் தவறான குழாய்க்குள் போனால் வந்த இடத்துக்கே திரும்ப நேர்கிறது. இவற்றை எளிது என்று எப்படிச் சொல்லலாம் என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். முதல் குறிப்பில் நான் இரண்டையும் போட்டுக் குழப்பியிருக்கிறேன்.

நண்பர் சொல்வதை வைத்துக்கொண்டு பார்த்தால், எளிதாக முடிகிற கேம்களில் குறைந்தது மூன்று வகை தெரிகிறது. குறுக்கு வழி உள்ளவை ஒரு வகை. இயல்பிலேயே சிறியவை இன்னொரு வகை. தவறு செய்தாலும் பொறுத்துக்கொள்கிறவை மூன்றாவது. நாங்கள் ஆடிய காண்ட்ரா அந்த மூன்றாம் வகையை இரவல் வாங்கிக்கொண்டது என்று சொல்ல வேண்டும். அந்த கேமில் இருப்பது மொத்தமே 8 கட்டங்கள். ஆனால் உயிர்கள் மூன்றுதான், ஒரு குண்டு பட்டால் ஓர் உயிர் போய்விடும். தொடக்கத் திரையில் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று அமுக்கினால் 30 உயிர்கள் கிடைக்கும். அதன் பிறகு முதல் கட்டத்துக் காட்டிலேயே எஸ் என்ற எழுத்துப் போட்ட துப்பாக்கியை எடுத்துவிட்டால், குண்டுகள் விசிறிபோல விரிந்து போகும்; குறி பார்க்கும் தேவைகூடக் குறைந்துவிடும்.

இருவர் ஆடும்போது 3-ஆவது கட்டத்து அருவியில்தான் சண்டை வரும். முன்னால் ஏறுகிறவர் வேகமாக ஏறினால் திரையும் கூடவே மேலே ஏறும். பின்தங்கியவர் திரைக்குக் கீழே போய் உயிரை இழப்பார். அந்த ஒரு கட்டத்தில் என் தங்கை என்னால் இழந்த உயிர்களை எண்ணி, சுவரில் கரியால் கோடு போட்டு வைத்திருந்தாள்.

2024 ஜூன் 5, புதன்

அந்தப் பத்துப் பொத்தான் வரிசை எப்படி வந்தது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். கோனாமி நிறுவனத்தில் கசுஹிசா ஹாஷிமோட்டோ என்பவர் கிரேடியஸ் என்ற கேமை வீட்டு டிவி கேம் பெட்டிக்கு ஏற்ப மாற்றிக்கொண்டிருந்தார். ஆடிச் சோதித்துப் பார்க்க அது அவருக்கே கடினமாக இருந்ததால், எல்லா ஆயுதங்களும் உடனே கிடைக்கும்படி இந்த வரிசையைச் சேர்த்தார். 1986-இல் கேம் வெளிவந்தபோது வரிசையும் உள்ளே தங்கிவிட்டது. 2020-இல் அவர் காலமானார். செய்தவருக்கே முடிக்கக் கடினமாக இருந்தது என்பதைப் படித்தபோது, கல்லிடைக்குறிச்சியில் நாங்கள் தோற்றதெல்லாம் எங்கள் கைக்குறை மட்டுமன்று என்று மனம் ஆறியது.

2024 ஜூன் 8, சனி, பிற்பகல் 3.30

 

ஒரு வாரமாக ஒன்று மனத்தை விட்டுப் போகவில்லை. மாரியோவில் ஒவ்வோர் உலகத்தின் முடிவிலும் ஒரு கோட்டை உண்டு. முதல் 7 கோட்டைகளில் இளவரசி இருக்க மாட்டாள். காளான் தலை கொண்ட ஒரு சிறு ஆள் நின்றுகொண்டு, நன்றி மாரியோ, எங்கள் இளவரசி வேறொரு கோட்டையில் இருக்கிறாள் என்று சொல்லுவான். குறுக்கு வழியில் போகிறவர் 1-4-ஐயும் தொடுவதில்லை, 4-4-ஐயும் தொடுவதில்லை. அவர் காண்கிற ஒரே கோட்டை 8-4. அதில் இளவரசி இருக்கிறாள்.

ஆக, அத்தான் காட்டிய வழியில் ஆடிய எங்களுக்கு அந்த ஏமாற்றச் செய்தி ஒரு முறைகூட வந்ததில்லை. அதற்கு முன்பு நானும் தங்கையும் தட்டுத் தடுமாறி மூன்றாம் உலகம் வரை வந்த நாட்களில், அந்தக் காளான் ஆளை முதல் இரண்டு கோட்டைகளிலும் பார்த்திருக்கிறோம். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, ‘வேறொரு கோட்டை’ என்று புரிந்ததும் தங்கை அழுதாள். அந்த கேமின் கதை என்று ஒன்று இருந்தால் அது அந்த ஏமாற்றத்தில்தான் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. எளிதாக முடித்ததற்கு நாங்கள் கொடுத்த விலை அது. அதிகமான விலை என்று சொல்லவில்லை. கரண்ட் போகும் ஊரில் வேறு வழியும் இல்லை. ஆனால் கொடுத்தோம் என்பதே 28 ஆண்டுகள் கழித்துத்தான் தெரிகிறது.

2024 ஜூன் 9, ஞாயிறு

அத்தான் ஆடிக் காட்டிய அந்த இரவில் கரண்ட் போகாமல் இருந்ததால் இன்னொன்றும் பார்த்தோம். 8-4 முடிந்ததும் கேம் நின்றுவிடவில்லை. இரண்டாம் சுற்று தொடங்கியது. அதில் தலையில் மிதித்தால் நசுங்கிப் போகும் காளான் பகைவர்களுக்குப் பதிலாகக் கெட்டி ஓடு கொண்ட வண்டுகள் வந்தன. ‘முடித்துவிட்டோம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் நிதானமாகத்தான் பயன்படுத்த வேண்டும்.

2024 ஜூன் 10, திங்கள், இரவு 11.50

வள்ளியூர் நண்பர் ஒருவர் எழுதிய ஒரே வரி என்னைத் தூங்கவிடவில்லை. மாரியோவில் எல்லா உயிரும் போன பிறகு, தொடக்கத் திரையில் ஏ பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டை அமுக்கினால், தோற்ற உலகத்தின் முதல் கட்டத்திலிருந்தே தொடரலாம் என்கிறார். சற்று முன் ஆடிப் பார்த்தேன். உண்மைதான். 3-ஆம் உலகத்தில் வேண்டுமென்றே தோற்றுவிட்டு அமுக்கினேன், 3-1 வந்தது.

கரண்ட் போனால் இது பயன்படாது. பெட்டி அணைந்ததும் நினைவும் போய்விடும். ஆனால் கரண்ட் இருந்து நாங்கள் தோற்ற எத்தனையோ மாலைகளில், 3-ஆம் உலகத்திலிருந்து 1-1-க்குத் திரும்ப வேண்டிய தேவையே இருந்திருக்கவில்லை. வழி எப்போதும் அந்தக் கேசட்டுக்குள்ளேயே இருந்தது. சொல்லித் தருவதற்குத்தான் ஆள் இல்லை. அத்தானுக்கும் இது தெரியாது. இன்று மாலை போனில் கேட்டேன், இப்போதுதான் கேள்விப்படுகிறேன் என்றார்.

2024 ஜூன் 12, புதன்

பிரின்ஸ் ஆஃப் பெர்சியா என்ற கம்ப்யூட்டர் கேம் பற்றியும் எழுதச் சொல்லி அம்பாசமுத்திரத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். ஜோர்டான் மெக்னர் 1989-இல் வெளியிட்டது. தம்பியை ஓடவும் தாவவும் வைத்துப் படம் பிடித்து, அதைப் பார்த்து இளவரசனின் அசைவுகளை வரைந்தார். முடிப்பதற்கு 60 நிமிடம் கெடு. அந்தக் கெடுதான் எங்கள் பள்ளிக் கம்ப்யூட்டர் அறையில் எல்லோரையும் மிரட்டியது. அறை எங்களுக்குத் திறந்திருந்ததே ஒரு பீரியடு நேரம், 40 நிமிடம்.

வழி முழுவதும் தெரிந்தவருக்கு அரை மணி நேரம்கூட வேண்டியதில்லை. தரையிலிருந்து நீளும் கூர்முனைகளில் ஓடினால் சாவு, ஒவ்வோர் அடியாக நடந்து போனால் ஒன்றும் ஆகாது. இது தெரியாமல் நான் அவற்றைத் தாண்டப் பார்த்து எத்தனையோ முறை விழுந்திருக்கிறேன். 12-ஆவது கட்டத்தில் இளவரசனின் நிழலே வாளோடு எதிரே வந்து நிற்கும். அதைக் குத்தினால் நமக்கும் அதே காயம் படும். வாளை உறையில் போட்டுவிட்டு அதை நோக்கி ஓடினால் இருவரும் ஒன்றாகிவிடுவார்கள். அந்தக் கேமிலேயே மிகக் கடினமாகத் தோன்றும் சண்டை, சண்டை போடாதவருக்கு நொடியில் முடிகிறது.

டேஞ்சரஸ் டேவ் என்ற கேம் பற்றிக் கேட்டவருக்கு: 10 கட்டங்கள்தான், கோப்பையை எடுத்தால் கதவு திறக்கும். எழுதிய ஜான் ரோமெரோதான் பின்னாளில் டூம் கேமை உருவாக்கியவர்களில் ஒருவர்.

2024 ஜூன் 15, சனி, காலை 10.15

2002-இல் வெளிவந்த வைஸ் சிட்டியைப் பற்றி எழுதாவிட்டால் இந்தப் பேச்சு நிறைவடையாது. கல்லூரிக் காலத்தில் பாளையங்கோட்டைப் பிரவுசிங் சென்டரில் நாங்கள் எல்லோரும் அதை ஆடினோம், ஒருவரும் முடிக்கவில்லை. பேன்சர் என்று தட்டச்சு செய்து டாங்கியை வரவழைத்து ஊரைச் சுற்றுவதோடு சரி. கதையில் கொஞ்ச தூரம் போனவர்களும் அந்தப் பொம்மை ஹெலிகாப்டரில் நின்றுவிட்டார்கள். கட்டிக்கொண்டிருக்கும் ஒரு கட்டடத்துக்குள் அதை ஓட்டி, 4 குண்டுகளை 4 தளங்களில் கொண்டுபோய் வைக்க வேண்டும். உள்ளே வேலையாட்களும் காவலர்களும் அடித்துத் துரத்துவார்கள். மேலே நேரம் ஓடிக்கொண்டிருக்கும்.

போன வருடம் மீண்டும் ஆடிப் பார்த்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். முதல் குண்டைத் தூக்கும் வரை நேரம் ஓடத் தொடங்குவதே இல்லை. வெறுங்கையோடு உள்ளே போய், விசிறியால் எதிரிகளை ஒவ்வொருவராக அகற்றி, படிக்கட்டுகள் எங்கே என்று பார்த்துப் பழகிக்கொண்டு, பிறகு வெளியே வந்து முதல் குண்டை எடுக்கலாம். இரண்டாம் முயற்சியிலேயே முடிந்தது. பிரவுசிங் சென்டரில் நாங்கள் தொடங்கியதுமே குண்டைத் தூக்கிக்கொண்டு ஓடினோம், ஏனென்றால் எங்களுக்கு வேறொரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது: அரை மணி நேரத்துக்குக் காசு கட்டியிருந்தோம்.

2024 ஜூன் 16, ஞாயிறு

நேற்று எழுதியதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஒன்று. 2014-இல் வெளிவந்த ஃபார் க்ரை 4. தொடக்கத்தில் பேகன் மின் என்ற கொடுங்கோலன் நம்மைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து, நான் வரும் வரை இங்கேயே இரு என்று சொல்லிவிட்டுப் போகிறான். எல்லோரும் எழுந்து தப்பி ஓடுவார்கள். அதிலிருந்து பல மணி நேரம் நீளும் போர் தொடங்கும். சொன்னபடி ஏறத்தாழக் கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தால் அவன் திரும்பி வருவான். அம்மாவின் அஸ்தியை வைக்க வேண்டிய இடத்துக்கு நம்மை அழைத்துப் போவான். கதை முடிந்து பெயர்ப் பட்டியல் ஓடும். கதாநாயகன் அந்த நாட்டுக்கு வந்த காரியமே அஸ்தியைச் சேர்ப்பதுதான் என்பதால், இதைக் குறுக்கு வழி என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. கடையத்து நண்பர் இதை எந்த வகையில் சேர்ப்பார் என்று அறிய ஆவல்.

2024 ஜூன் 22, சனி, இரவு 7.30

தங்கையின் மகள் பள்ளி விடுமுறைக்கு வந்திருக்கிறாள். வயது 7. அவளுக்குக் கிர்பிஸ் ட்ரீம் லேண்டைக் கொடுத்தேன். 1992-இல் மசாஹிரோ சகுராய் புதிதாக ஆடுகிறவர்களுக்கென்றே வடிவமைத்த கேம், 5 கட்டங்கள்தான். உருண்டைக் கிர்பி காற்றை இழுத்துக்கொண்டு பறக்க முடியும் என்பதால், பள்ளத்தில் விழுவோம் என்ற பயம் பெரும்பாலும் இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டாள். இயல்பிலேயே சிறியது, தவறையும் பொறுத்துக்கொள்வது என்று இரண்டு வகையும் ஒன்றாகச் சேர்ந்த கேம் இதுதான்.

பிறகு மாரியோவைக் கேட்டாள். கூரை மேல் ஏறும் வழியைச் சொல்லிக் கொடுக்க வாயெடுத்தேன். தங்கை அடுப்படியிலிருந்து, “அண்ணே, சொல்லாத. அவ மெதுவாப் போவட்டும், இப்பக் கரண்டா போவுது?” என்றாள்.

சொல்லவில்லை. ஏ பொத்தானைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டை அமுக்கும் வழியை மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

2024 ஜூன் 23, ஞாயிறு, இரவு 9.05

கடையத்து நண்பர் பதில் எழுதிவிட்டார். ஃபார் க்ரை 4-ஐ முடித்ததாகவே அவர் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டாராம்; ஆடவே இல்லாததை எப்படி முடிப்பது என்கிறார். கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் ஆட்டத்தில் ஒரு முடிவுதான் என்பது என் எண்ணம். அடுத்த வாரம் அவர் திருநெல்வேலிக்கு வருகிறார், நேரில் பேசிக்கொள்கிறோம்.

மருமகள் இன்று 1-4-ஐ முடித்தாள். காளான் ஆள் வந்து நின்றதும் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். தங்கை வந்து பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொன்னாள்.